குளித்துவிட்டுப் போன கரி

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டர்கள், தெருவிளக்கு எரியவில்லை என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு மனு, கொஞ்ச காலமாகக் கரிப் பையில் கட்டுகிற சீட்டு, இவ்வளவுதான். சீட்டில் நாலு வரிக்குத்தான் இடம் இருக்கும். அதனால் பக்கம் பக்கமாக எழுதினால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. நேரில் சொல்லச் சொன்னால் இதில் கால்வாசிகூட வராது. நாலு பேர் சேர்ந்தாற்போல என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். எழுதும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வில்லியனூரைத் தாண்டி, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் போகும் ஒரு ரோட்டில் எங்கள் அட்டை மில் இருக்கிறது. ஸ்வீட் பாக்ஸ், செருப்பு டப்பா இதற்கெல்லாம் உண்டான அட்டை. ஈர அட்டையைக் காயவைக்க நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்குக் கரி வேண்டும், நிலக்கரி. கரி எரிந்தால் சாம்பல் வரும். அந்தச் சாம்பலை அள்ளத்தான் நானும் இன்னொரு அக்காவும் எட்டு வருஷமாக வேலையில் இருந்தோம்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகூர்ப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவார். நான் பேசாமல் மிச்சம் பிடிப்பதையெல்லாம் சேர்த்து அவரே பேசிவிடுவார். பாய்லர் ஷெட்டில் நின்று அவர் சிரித்தால் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் கொக்கு எழும்பும். என்னை அவர் கூப்பிடுவது ஊமைக்கோட்டான் என்று. வெற்றிலை வாயோடு அதைச் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை.

அப்படிப்பட்ட குரலுக்கு ரெண்டு வருஷமாக இளைப்பு வந்துவிட்டது. சாம்பல் தூசி மூக்கில் ஏறினால் போதும், சிரிப்பு பாதியில் நின்று விசில் சத்தம் வரும். பெரியாஸ்பத்திரி டாக்டர், இனி சாம்பல் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா அவரிடம், "சாம்பல் பக்கம் போவலன்னா சோத்துப் பக்கமும் போவ முடியாதே டாக்டரு" என்று சொன்னாராம். டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

அந்தச் சமயத்தில்தான் தொட்டி வந்து இறங்கியது.

பக்கத்து நிலத்துக்காரர் புகையைப் பற்றி மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு மேனேஜர் சார் ஒரு கெமிஸ்ட்டை வேலைக்கு வைத்தார். சின்னப் பெண். மேனேஜர் எதிரே அவளை மேடம் என்போம், அவர் நகர்ந்ததும் பாப்பா என்போம். அவள் சொல்லித்தான் கரி கழுவும் தொட்டியை வாங்கினார்கள். மேனேஜர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "மூணு மாசம் ட்ரையல். ரிப்போர்ட் நல்லா வந்தா தொட்டி இருக்கும், நீங்களும் தொட்டியிலயே இருக்கலாம். வரலன்னா தொட்டியத் திருப்பிக் குடுத்துட்டு, நீங்க பழையபடி சாம்பலுக்குப் போயிடணும்" என்றார். அக்கா என் இடுப்பில் இடித்தார். எட்டு வருஷத்தில் அவர் சத்தமில்லாமல் செய்த முதல் காரியம் அது.

பாப்பா எங்களுக்கு விளக்கிச் சொன்னாள். கரிக்குள் பாதரசம், ஆர்செனிக், ஈயம் எல்லாம் இருக்கிறதாம். ரொம்ப ரொம்பக் கொஞ்சம், கண்ணுக்கே தெரியாதாம். எரித்தால் அது புகையோடும் சாம்பலோடும் வெளியே வந்து மண்ணிலும் தண்ணீரிலும் இறங்கிவிடுமாம்.

"பாதரசம்னா ஜுரம் பாக்குற குச்சில இருக்குமே, அதுவா பாப்பா?" என்றார் அக்கா.

"அதேதான்க்கா."

"அப்ப கரிக்கே ஜுரம்னு சொல்லு."

பாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே சொன்னாள். "புகையில போனதப் புடிக்கிறது கஷ்டம்க்கா. ஆனா அதெல்லாம் கரியிலயே முழுசா இல்ல. கரியோட கலந்து வருதே கல்லு, மண்ணு, மஞ்சளா மினுக்குற கல்லு, அதுலதான் நெறைய ஒளிஞ்சிருக்கு. எரிக்கிறதுக்கு முன்னாடியே கல்லை எடுத்துட்டா, அதுவும் கூடவே போயிடும். கல்லு கனம், கரி லேசு. தண்ணியத் தூக்கித் தூக்கி விட்டா லேசானது மேல வரும், கனமானது கீழ நிக்கும்." போர்டில் படம் போட்டாள். அம்புக்குறி போட்டாள். எடைக்குக் கீழே கன அளவைப் போட்டு வகுத்தாள்.

அக்கா படத்தைத் தலை சாய்த்துப் பார்த்தார். "இது அரிசியில கல்லு அரிக்கிறதுதானே? இதுக்கா பாப்பா இத்தினி வருஷம் காலேஜுக்குப் போன?"

உண்மையும் அதுதான். அரிசியைத் தண்ணீரோடு குண்டானில் விட்டு, லேசாகச் சாய்த்து ஆட்டி ஆட்டி அடுத்த குண்டானில் விழவிட்டால் அரிசி தண்ணீரோடு போகும், கல் அடியில் தங்கும். தொட்டியும் அதையேதான் மோட்டார் வைத்துச் செய்தது. தண்ணீர் அடியிலிருந்து மூச்சு விடுவது போல ஏறி ஏறி இறங்கும். கரி மேலே மிதந்தாற்போல வந்து விளிம்பைத் தாண்டி வழியும். கல் கீழே இருக்கும். கழுவிய தண்ணீர் சிமெண்ட் குழியில் தெளிந்து திரும்பத் தொட்டிக்கே வரும். கல்லையும் சேற்றையும் தனியாகத் தார்ப்பாய்க்கு அடியில் மூடிவைப்போம். எல்லாம் ஈர வேலை. தூசி கிடையாது. பத்து நாளில் அக்காவின் விசில் சத்தம் குறைந்தது, கொக்கு மறுபடி எழும்ப ஆரம்பித்தது.

மஞ்சள் கல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் பின்னால் வருகிற சண்டை புரியாது. கரியில் அங்கங்கே அந்தக் கல் ஒட்டியிருக்கும். வெயிலில் பிடித்தால் அசல் தங்கம் மாதிரி மினுக்கும். பாய்லர் ஓட்டுகிற தம்பி ஒருநாள் அதைப் பார்த்து, "இன்னாக்கா இது?" என்று கேட்டான். அக்கா குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாத. மேனேஜருக்குத் தெரிஞ்சா புடுங்கிக்குவாரு. பையில போட்டுக்க" என்றார். அவன் நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். வேர்வையில் நனைந்து நனைந்து, பையில் துரு நிறத்தில் ஒரு கறை இறங்கியது, கெட்ட நாற்றத்தோடு. அவன் மனைவி சட்டையை முகர்ந்து பார்த்து என்ன கேட்டாளோ தெரியாது, மறுநாள் அவன் அக்காவிடம் பேசவில்லை. "இன்னாடா தம்பி, தங்கம் கறுத்துடுச்சா?" என்று அக்கா கேட்டதும் பாய்லர் பக்கம் நகர்ந்துவிட்டான். நான் மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இனி என் காரியத்துக்கு வருகிறேன்.

ட்ரையல் முடிகிற வாரம் கரியை லேபுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கழுவாத கரி நீலப் பையில், கழுவிய கரி வெள்ளைப் பையில். ரெண்டையும் சோதித்து, கழுவியதால் எவ்வளவு விஷம் குறைந்தது என்று சொல்வார்கள். சரியாக அந்த நேரத்தில் பாப்பாவுக்குத் திருக்கனூரில் நிச்சயதார்த்தம். ரெண்டு நாள் லீவு. என் கையெழுத்து குண்டு குண்டாகத் தெளிவாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதும் வேலையை ஏற்கெனவே என்னிடம் கொடுத்திருந்தாள். இப்போது பை நிரப்பும் வேலையையும் கொடுத்தாள்.

"அஞ்சு எடத்துல எடுங்கக்கா. நல்லாக் கலந்து குவிங்க. வட்டமாத் தட்டி நாலாப் பிரிங்க. எதிர் எதிர்ப் பங்கு ரெண்டை வெச்சிக்கிட்டு மத்ததத் தள்ளிடுங்க. பை அளவுக்கு வர்ற வரைக்கும் இப்படியே. நல்லது கெட்டதுன்னு பாத்துப் பொறுக்கக் கூடாது. எப்படி வருதோ அப்படியே."

நான் தலையாட்டினேன். கழுவக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. இதை நான் இன்றுவரை என் பக்கத்து நியாயமாக வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மதியம் அக்கா மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் ஒருத்திதான். பாப்பா சொன்னபடியே குவித்தேன், தட்டினேன், நாலாகப் பிரித்தேன். வெள்ளைப் பை நிரம்பியது, வாய் கட்டினேன். நீலப் பைக்கு உண்டான கரி தரையில் கிடந்தது. சேறு, செத்தை, கல், தூள். சீட்டை எழுதும்போது முகவரியைப் பார்த்தேன். சென்னை என்று போட்டு, பரிசோதனைக் கூடம் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

எனக்கு உடம்பு கூசிவிட்டது.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா வெள்ளை டைல்ஸ் ஒட்டிய மேடையில் இந்தப் பையைப் பிரிக்கிறார். பொலபொலவென்று சேறு கொட்டுகிறது. அந்த அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார். அதில் என் கையெழுத்து. புதுச்சேரிக்காரிகள் லட்சணம் இதுதான் என்று நினைக்க மாட்டாரா? ஜுரத்தில் கிடக்கிற பிள்ளையைக்கூட முகம் துடைத்து, தலை சீவி, பவுடர் போட்டுத்தானே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறோம். அளவு ஜாக்கெட்டைத் துவைத்து மடித்துத்தானே தையல்காரரிடம் கொடுக்கிறோம். கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு ஆள் வருகிறார் என்றால், அவர் வருவதற்குள் அடுப்பைப் பளபளவென்று தேய்த்து, பர்னர் அடைப்பைக் குத்திவிட்டு வைத்திருப்பேன். அவர் வந்து பற்றவைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானம்மா எரியுது?" என்று கேட்பார். எங்கள் தெருவில் எல்லாருமே அப்படித்தான். அழுக்காக ஒரு பொருளை வெளியூருக்கு அனுப்பும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

ஷெட்டுக்குப் பின்னால் குழாய் இருந்தது. ரெண்டு அன்னக்கூடைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். கரியைத் தண்ணீரில் போட்டு, சாய்த்து, ஆட்டி, அரித்தேன். ஒரு தண்ணீர், ரெண்டு தண்ணீர் என்று ஏழு தண்ணீர். ஏழாவது தண்ணீரில் முகம் பார்க்கலாம். அடியில் நின்ற கல்லையெல்லாம் கொட்டினேன். அப்படியும் மினுக்கிக்கொண்டு ஒட்டியிருந்த மஞ்சள் கல்லை நகத்தால் நெம்பி எடுத்தேன். கோணி விரித்துக் காயவைத்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை மாதிரி கரி மின்னியது. அந்த அம்மா பையைப் பிரித்ததும் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

சீட்டின் கடைசி வரி குறிப்பு. அதில் எப்போதும் நான் எழுதுவது 'இல்லை'. அன்றைக்கும் இல்லை என்றே எழுதிக் கட்டினேன். கூரியர்காரர் வந்து எடுத்துப் போனார். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இதைப் போய்ச் சொல்வார்களா? பல் தேய்த்தேன் என்று யாராவது சொல்கிறோமா?

ரெண்டு வாரம் கழித்து மேனேஜர் செல்போனுக்கு ரிப்போர்ட் வந்தது. பாப்பாவைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் ஒருமுறை படித்தாள். பெரிதாக்கிப் படித்தாள். கன்னத்தில் நிச்சயதார்த்தப் பளபளப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அது அப்படியே இறங்கிப்போனதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

"கழுவாத கரியைவிட, கழுவின கரியில ஆர்செனிக் ஜாஸ்தியா இருக்கு சார். பாதரசமும்."

"அப்ப இந்தத் தொட்டி விஷத்த எடுக்கல, போட்டு அனுப்புது. அப்படித்தானே மேடம்?"

பாப்பா செல்போனை அவரிடமே கொடுத்தாள். நேராக எங்களிடம் வந்தாள். "அக்கா, நீலப் பையில அப்படியேதானே போட்டீங்க?"

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. உறைத்த அதே நொடியில் என் தலை தானாக ஆடிவிட்டது. யார் எதைக் கேட்டாலும் ஆடுகிற தலை அது. 'ஆமாம்' என்று ஆடிய தலையை 'இல்லை' என்று திருப்பி ஆட்ட எனக்குத் தைரியம் இல்லை. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போர் தண்ணீர் சரியில்லை என்றார் ஒருவர். தொட்டியை ராகு காலத்தில் இறக்கினார்கள் என்றார் வாட்ச்மேன். பாய்லர் தம்பி மட்டும் மெதுவாக, "தொட்டிப் பக்கம் நின்னுக்கினு வெத்தல போடுறது யாரு? அந்த எச்சில் எங்க போவுது?" என்று கேட்டான். சட்டைக் கறை இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏண்டா, என் எச்சில்ல ஆர்செனிக் இருந்தா, நான் பேசப் பேசத் தெறிச்சதுக்கு நீ இந்நேரம் உசுரோட நிப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மேனேஜர் சிரிக்கவில்லை. அவர் அக்காவின் சிவந்த வாயைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை தொட்டியக் கழட்ட ஆள் வருது. அதுவரைக்கும் ஓட்ட வேணாம். ரெண்டு பேரும் நாளையிலேருந்து சாம்பல்" என்றார்.

மறுநாள் புதன்கிழமை. அக்கா ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். துண்டுக்குள்ளிருந்தே பாய்லர் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குத் திட்டு குறைந்தது. பதினொன்றுக்கு நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அக்கா கோணி மேல் உட்கார்ந்து, முட்டியில் கையை ஊன்றி, மூச்சை உள்ளே இழுக்கவே பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார். நான் முதுகைத் தடவினேன்.

"நீ... இன்னாடி... அழுவுற?" என்றார். "எனக்குத்தானே... இளைப்பு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். மூடிக்கொண்டேன். அக்காவிடம் சொன்னால் அவர் ஊரைக் கூட்டுவார், கூட்டத்தில் நான் நிற்க வேண்டும். பாப்பாவிடம் சொன்னால் அவள் மேனேஜரிடம் கூட்டிப்போவாள். எந்த வழியில் போனாலும் கடைசியில் மேனேஜர் மேஜை முன்னால்தான் போய் முடிந்தது. முன்னொரு முறை என் தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்க அவர் கதவுக்குப் பின்னால் மத்தியானம் வரை நின்றுவிட்டு, கேட்காமலே திரும்பி வந்தவள் நான். கல்யாணத்துக்குச் சாயந்திரம்தான் போய்ச் சேர்ந்தேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சீட்டு எழுதுவது.

வியாழக்கிழமை காலையில் கொஞ்சம் முன்னதாக வந்தேன். ஒரு சீட்டை எடுத்து, வழக்கம்போலவே நிரப்பினேன்.

சாம்பிள்: நீலப் பை.

எடுத்த இடம்: கரி மேடு, ஐந்து இடம்.

நிலை: காய்ந்தது.

குறிப்பு: இது லேபுக்குப் போகுமுன் கழுவப்பட்டது. ஏழு தண்ணீர். மஞ்சள் கல் கையால் எடுக்கப்பட்டது. கழுவியது நான். அக்கா எச்சில் துப்பவில்லை.

குறிப்பு நீண்டு சீட்டின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. இதை எங்கே கட்டுவது என்று பார்த்தேன். மேனேஜர் அறை பூட்டியிருந்தது. அவர் ஒன்பது மணிக்கு வந்து, வராந்தா ஆணியில் டிபன் கேரியரை மாட்டிவிட்டு ரவுண்டு போவார். அவர் மாட்டிவிட்டுப் போனதும் ஓடிப்போய்க் கேரியரின் பிடியில் பைக்குக் கட்டுகிற அதே கம்பியால் கட்டினேன். பதறியதில் ரெண்டு முறுக்குக்குப் பதில் ஆறு முறுக்கு முறுக்கிவிட்டேன்.

பத்து மணிக்கு மேனேஜர் கேரியரும் கையுமாகச் சாம்பல் ஷெட்டுக்கே வந்தார். கம்பியை அவிழ்க்க முடியாமல் இழுத்திருக்கிறார் போல, விரல் சிவந்திருந்தது.

"யாரு இத என் கேரியர்ல கட்டுனது? சாம்பிள், நீலப் பைன்னு எழுதியிருக்கு. இன்னா, எங்க வூட்டுச் சாம்பாரையும் லேபுக்கு அனுப்பப் போறீங்களா?"

சத்தம் கேட்டுப் பாப்பா ஓடி வந்தாள். பாய்லர் தம்பி வந்தான். நான் கோணி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டேன். மேனேஜர் சீட்டைத் திருப்பி உரக்கப் படித்தார். 'கழுவியது நான்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"நான்னா யாரு?"

நான் பேர் போட மறந்திருந்தேன். மறந்தேன் என்று சொல்வதும் முழு உண்மையில்லை.

அக்கா எழுந்து வந்து சீட்டைப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது. ஆனால் தினமும் பார்த்த எழுத்து. "இது முறுக்குப் புழிஞ்ச மாதிரி குண்டு எழுத்து. எங்க ஊமைக்கோட்டான் எழுத்து" என்றார். பிறகு, "இன்னா எழுதியிருக்கா? எனக்கும் சொல்லுங்க" என்றார். பாப்பா இன்னொரு முறை படித்துச் சொன்னாள். அக்கா மூட்டைப் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, வெளிய வாடி" என்றார்.

வந்தேன். நாலு பேர் சேர்ந்தாற்போல என்னைப் பார்த்தார்கள்.

"ஏம்மா கழுவின?" என்றார் மேனேஜர்.

நாக்கு ஒளிந்துகொண்டது. அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். அது வெளியே வந்துவிட்டது.

"அழுக்கா இருந்துது சார்."

"அழுக்கு எவ்ளோ இருக்குன்னு பாக்கத்தானேம்மா அனுப்புறோம்!"

"அதுக்காக மூஞ்சி கழுவாம அனுப்புவாங்களா சார்?" என்றார் அக்கா, எனக்குப் பதிலாக. "பட்டணத்துக்குப் போவுது. நீங்க ஆஸ்பத்திரிக்கு ரத்தம் டெஸ்ட்டுக்குப் போறப்ப சட்டைய இஸ்திரி போட்டுக்கினுதானே போறீங்க?"

மேனேஜர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். அன்றைக்கும் இஸ்திரிதான்.

பாப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரி மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள், துப்பட்டா முழுக்கக் கரி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், அப்ப ரிப்போர்ட் தப்பில்ல. தொட்டியில கழுவினதையும் இந்த அக்கா கையில கழுவினதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்திருக்காங்க. கழுவாததப் பாக்கவே இல்ல. கழுவக் கழுவக் குறையுதுன்னுதான் சார் இதுக்கு அர்த்தம். ஏழு தண்ணி சார்!" என்றாள்.

"எங்க வூட்ல அரிசிக்கே மூணு தண்ணிதான்" என்றார் மேனேஜர். என்னைப் பார்த்துச் சொன்னாரா, தன் வீட்டை நினைத்துச் சொன்னாரா, தெரியவில்லை. பிறகு தொட்டி ஆளுக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்றார். இன்னொரு தடவை அனுப்பலாம், அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யலாம், அதுவரைக்கும் தொட்டி ஓடட்டும். ஒரே ஒரு நிபந்தனை. "நீலப் பையில இவங்க கை படக் கூடாது."

மறுபடி பை நிரப்பியபோது பாப்பாவே அள்ளினாள். மேனேஜர் போட்டோ எடுத்தார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முன்பைவிட மோசமான கரி அது. உள்ளங்கை அகலத்துக்குக் களிமண் ஒட்டிய ஒரு கட்டி நேராக என்னைப் பார்த்துக்கொண்டே பைக்குள் போனது. மேலே ஒரு வேப்பிலைக் காம்புகூட இருந்தது. அதையாவது எடுக்கலாமே என்று விரல் துடித்தது.

"பாக்காதடி. கண்ண மூடிக்க" என்றார் அக்கா.

கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு சீட்டு எழுதும் வேலை மட்டும் என்னிடம் வந்தது. குறிப்பு என்ற இடத்தில் மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதினேன்: கழுவவில்லை. அவர் போனபிறகு பக்கத்தில் சின்னதாக, 'மன்னிக்கவும்' என்று நானே சேர்த்தேன். சென்னையில் அந்த அம்மா அதைப் படித்தாரோ என்னவோ.

அந்த ரெண்டு வாரமும் அக்கா வெற்றிலையை மில்லுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் போட்டுவிட்டு வந்தார். தப்பு செய்யாதவர் எதற்கு ஒதுங்க வேண்டும் என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டேன். "எச்சில் இல்லாமயே ரிப்போர்ட் நல்லா வரட்டும்டி. அப்புறம் அவனை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ரிப்போர்ட் வந்தது. பாப்பா கரி மேட்டருகே நின்று படித்தாள். கழுவிய கரியில் ஆர்செனிக் நன்றாகக் குறைந்திருந்தது. ஈயமும் குறைந்திருந்தது. பாதரசம் கொஞ்சம் குறைந்திருந்தது. வேறொன்று மட்டும் குறையவே இல்லை. பேர் சொன்னாள், எனக்கு மனதில் நிற்கவில்லை. அது கல்லில் இல்லையாம், கரியின் சதையிலேயே இருக்கிறதாம். எத்தனை தண்ணீர் விட்டாலும் போகாதாம்.

"எங்க வூட்டுக்காரர் கோவம் மாதிரி" என்றார் அக்கா. "குளிப்பாட்டினா போவுமா?"

மேனேஜர் ரிப்போர்ட்டை ரெண்டு தரம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "சரி, தொட்டி இருக்கட்டும். நீங்களும் இருங்க" என்றார். ரெண்டடி போனவர் திரும்பி, "ஆனா என் கேரியரத் தொடாதீங்க" என்றார். அக்கா சிரித்தார். முழுச் சிரிப்பு, விசில் இல்லாமல். கரும்புக் கொல்லையில் கொக்கு எழும்பியது. நான் பார்த்தேன். பாய்லர் தம்பி அன்றைக்குச் சாயந்திரம் ஒரு கவுளி வெற்றிலையை ஒன்றும் சொல்லாமல் அக்கா பையின் மேல் வைத்துவிட்டுப் போனான். அக்கா அதை எடுத்து, குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவினார். "எவன் கையி எப்படியோ" என்றார்.

மறுநாள் காலையில் ஒரு லோடு கரி வந்தது. எட்டரை மணிக்குத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டோம். மோட்டார் பெல்ட் அறுந்திருந்ததால் பதினொரு மணிக்குத்தான் ஓட ஆரம்பித்தது. சாயந்திரம் வரை கழுவினோம்.